கல்யாணத்தைப் பாதி பாதியாகப் பிரிக்காதீர்கள்

கேள்வி: நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். நான் மணக்கப்போகிறவர் யூதர். இருவருமே மதம் மாறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். 2027 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஒரு தோட்டத்தில் கோடைக் கல்யாணமாக வைக்க ஆசை. முன்பணம் இன்னும் கட்டவில்லை. எங்கள் ஃபாதரும் யூத மதகுருவான ஒரு ரபியும் சேர்ந்து நின்று, ஆளுக்குப் பாதியாக நடத்தித் தந்தால் யாருக்கும் குறை இருக்காது என்று நினைத்தோம். ஆனால் தேதியைச் சொன்ன நாளிலிருந்து அவருடைய பாட்டி எங்களோடு பேசுவதில்லை. என் அப்பாவோ, "இயேசுவின் பெயர் ஒரு தடவையாவது காதில் விழணும், வேற எதுவும் கேட்கலை" என்கிறார். இது எங்கள் கல்யாணமாக இருக்க வேண்டும், இரண்டு மதங்களின் கண்காட்சியாக அல்ல. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

'முன்பணம் இன்னும் கட்டவில்லை' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். கட்டாதீர்கள். பாட்டி ஏன் பேசவில்லை என்பதற்கான விடையில் பாதி, நீங்கள் குறித்திருக்கும் தேதியிலேயே இருக்கிறது.

யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும் வரை சபாத், ஓய்வுநாள். அன்று கல்யாணம் வைப்பதில்லை. கையெழுத்துப் போடுவது, வண்டி ஓட்டுவது, வாத்தியம் வாசிப்பது என்று ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய அத்தனையும் ஆசாரமானவர்களுக்கு அன்று விலக்கு. இது முதல் சிக்கல். இரண்டாவது இதைவிடப் பெரியது. 2027-இல் ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 12 வரையிலான மூன்று வாரம் அவர்களுக்குத் துக்க காலம். எருசலேமின் மதில் உடைந்ததை நினைக்கும் நோன்பில் தொடங்கி, 'திஷா பஆவ்' என்ற நோன்பில் முடிகிறது. பாபிலோனியர் முதல் ஆலயத்தை அழித்ததையும், கி.பி. 70-இல் ரோமானியர் இரண்டாம் ஆலயத்தை எரித்ததையும் அந்த ஒரே நாளில் நினைத்து அழுவார்கள். இந்த மூன்று வாரத்தில் கல்யாணம் தவிர்ப்பது பரவலான வழக்கம். கடைசி ஒன்பது நாள் இன்னும் கடுமை. பலர் இறைச்சியும் ஒயினும்கூடத் தொடமாட்டார்கள். சில யூத சமூகங்கள் அந்தக் கடைசி நாட்களை மட்டும் கணக்கில் எடுக்கும். அப்படிப் பார்த்தாலும் ஆகஸ்ட் 7 தப்பாது. அது அந்த ஒன்பது நாளுக்குள் வருகிற சனிக்கிழமை.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். உங்கள் வருங்காலக் கணவர் உங்கள் அப்பாவிடம் வந்து, "மாமா, பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு விருந்து வைத்திருக்கிறோம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தால்? பாட்டிக்கு உங்கள் செய்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கும். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது. அவருக்கும் தெரியவில்லை என்றால் அதையும் நீங்கள் இருவரும் குறித்துக்கொள்ளுங்கள். தன் மதத்தைக் கடைப்பிடிக்காத பிள்ளைக்குத் தன் வீட்டு நாள்காட்டி தெரியாமல் போவது நான் அடிக்கடி பார்ப்பதுதான். தேதி மாற்றத்தை அவரே நேரில் போய்ச் சொல்லட்டும். "தப்பாகக் குறித்துவிட்டோம் பாட்டி" என்று ஒரு வரி போதும்.

மாற்றுத் தேதி? ஜூலை 11, 18 இரண்டும் ஞாயிறு; துக்க காலம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும். ஆகஸ்ட் 15 ஞாயிறாக இருந்தாலும் அன்று மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா, உங்கள் ஃபாதரைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டால் பங்கே கோபித்துக்கொள்ளும். ஆகஸ்ட் 22 நல்ல ஞாயிறு. ஆனால் என் மனசுக்குப் பட்டது வேறு ஒரு நாள்: ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை மாலை.

வார நாளில் யார் வருவார்கள் என்பீர்கள். காரணத்தைக் கேளுங்கள். தொடக்கநூல் முதல் அதிகாரத்தில் படைப்பின் மூன்றாம் நாளில் மட்டும் 'கடவுள் அது நல்லது என்று கண்டார்' என்பது இரண்டு தடவை வரும். வாரத்தை ஞாயிறிலிருந்து எண்ணினால் மூன்றாம் நாள் செவ்வாய். அதனால் யூதர்களுக்குக் கல்யாணத்துக்கு உகந்த நாள் அது. யோவான் நற்செய்தியில் கானாவூர்த் திருமணமும் 'மூன்றாம் நாள்' என்றுதான் ஆரம்பிக்கிறது. அது செவ்வாய்க்கிழமை என்று நான் சாதிக்க வரவில்லை. உங்கள் ஃபாதரோடு பேச்சைத் தொடங்க நல்ல சாக்கு என்கிறேன். அதோடு, அன்று சூரியன் மறைந்ததும் 'தூ பஆவ்' தொடங்கிவிடும். யூத நாள்காட்டியில் ஆவ் மாதத்தின் 15-ஆம் நாள், பௌர்ணமி. அந்த நாளில் எருசலேமின் பெண்கள் வெள்ளை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் ஆடினார்கள் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஒவ்வொருத்தியும் அந்த வெள்ளை உடையை இன்னொருத்தியிடம் இரவல் வாங்கித்தான் உடுத்த வேண்டுமாம், உடை இல்லாதவள் கூனிக் குறுகி நிற்கக் கூடாது என்பதற்காக. வெயில் தாழ்ந்து சடங்கு, நிலவு ஏறும்போது விருந்து. கோடைக் கல்யாணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி நடத்துவது யார் என்ற கேள்வி. 'ஆளுக்குப் பாதி' என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் அதுதான் எல்லோரையும் காயப்படுத்தும் வழி. பாதி பாதி என்றதும் வந்தவர்கள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். யூத மணச் சடங்கில் சொல்லும் ஏழு ஆசீர் அவர்களுக்கு, நமக்கு ஒரு செபமா? ரபி எட்டு நிமிடம் பேசினார், ஃபாதர் மூன்று நிமிடம்தானே? இப்படி ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததை நான் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். தராசு கொண்டுவந்தால் எடை போடத்தான் செய்வார்கள்.

அதைவிட முக்கியம், சட்டம் இடம் கொடுக்காது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1127 மூன்றாம் பிரிவில் இதைத் தெளிவாகத் தடுக்கிறது: ஃபாதரும் வேற்றுமதக் குருவும் ஒரே சடங்கில் அவரவர் முறைப்படி மணமக்களின் சம்மதத்தைக் கேட்கக் கூடாது, ஒரு கல்யாணம் முடிந்தபின் இன்னொரு மதச் சடங்கில் சம்மதத்தை மறுபடி வாங்கவும் கூடாது. யூதர் பக்கம் இன்னும் இறுக்கம். மரபை இறுக்கமாகக் காக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ரபிகள் இந்தக் கல்யாணத்தை நடத்தவே மாட்டார்கள். நடுவழியில் நிற்கும் கன்சர்வேடிவ் பிரிவும் தன் ரபிகளுக்குத் தடை போட்டிருக்கிறது. தாராளப் போக்குள்ள ரிஃபார்ம் பிரிவின் அமெரிக்க ரபிகள் அமைப்பு 1973-இல் கலப்பு மணத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டாலும், முடிவை அவரவர் மனசாட்சிக்கு விட்டது. அதனால் நடத்தித் தரும் ரிஃபார்ம் ரபிகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிலும் பலர் கிறிஸ்தவக் குருவோடு சேர்ந்து நடத்தமாட்டார்கள், சபாத் முடியும் முன்பு தொடங்கமாட்டார்கள். எனவே ரபியிடம் முதல் தொலைபேசி அழைப்பிலேயே மூன்று கேள்வி: கலப்பு மணம் நடத்துவீர்களா, ஃபாதர் அங்கே வந்து ஒரு செபம் சொன்னால் சம்மதமா, பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி முன்கூட்டியே ஏதாவது உறுதி கேட்பீர்களா? முதல் இரண்டில் ஒன்றுக்குப் பதில் 'இல்லை' என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். அவரோடு வாதாடாதீர்கள், அவர் தன் நம்பிக்கைக்கு உண்மையாக இருக்கிறார்.

உங்கள் பக்கத்தில் நடக்க வேண்டியது: திருமுழுக்குப் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயரின் விதிவிலக்கு தேவை. அது இல்லாமல் நடந்தால் திருச்சபையின் பார்வையில் அந்தக் கல்யாணம் செல்லாது. விண்ணப்பம் உங்கள் பங்குத்தந்தை வழியாகத்தான் போகும். ஆறு மாதம் முன்பே அவரிடம் போங்கள், புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழோடு. பிறகு இரண்டு பாதை. ஒன்று, ஃபாதரே நடத்துவது: இப்படிப்பட்ட மணத்துக்கென்றே திருப்பலி இல்லாத, நற்கருணை இல்லாத ஒரு முறைமை இருக்கிறது. திருமுழுக்குப் பெறாதவரோடான மணத்தைக் கோயிலுக்கு வெளியே தகுந்த இடத்தில் நடத்தவும் சட்டத்தில் இடமுண்டு; தோட்டம் தகுந்த இடமா என்பதில்தான் ஊருக்கு ஊர் ஆயர்கள் மாறுபடுவார்கள். இரண்டு, கத்தோலிக்க முறைமையிலிருந்தே விதிவிலக்குப் பெறுவது: அப்போது ரபியோ அரசுப் பதிவாளரோ எல்லோர் முன்னிலையிலும் நடத்தி வைக்கலாம், திருச்சபை அதை ஏற்கும். ஃபாதர் விருந்தினராக வந்து செபித்து வாழ்த்தலாம்.

ரபி கிடைத்தால் நான் இரண்டாவது பாதையைத்தான் சொல்வேன். உங்கள் பக்கம் விட்டுக்கொடுத்ததாக உறவினர் பேசக்கூடும். ஆனால் யோசியுங்கள்: வளைவதற்கு முறையான வழி வைத்திருப்பது உங்கள் திருச்சபை. அந்த வழியில் போனால் உங்களுக்கு எதுவும் குறையப்போவதில்லை. உங்கள் மணம் உங்கள் பங்கின் பதிவேட்டில் ஏறும். ரபி கிடைக்கவில்லை என்றால் முதல் பாதை. அப்போதும் யூத அம்சம் போய்விடாது. யூத வழக்கத்தில் மணத்தைச் செல்லுபடியாக்குவது மோதிரமும் வாக்கும் சாட்சிகளும்தான், ரபி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் பழைய சட்டத்தில் இல்லை. ஏழு ஆசீர்களை உறவினர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்வதும் வழக்கம்தான். அவருடைய மாமாவும் அத்தையும் அதைச் செய்யலாம். எந்தப் பாதையானாலும் சம்மதத்தைக் கேட்பவர் ஒருவர்தான். நாட்டுச் சட்டப்படியான பதிவு தனி. அதன் விவரத்தையும் ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஃபாதர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார். சட்டம் 1125 கேட்கச் சொல்கிறது: பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க 'என்னால் இயன்றதெல்லாம் செய்வேன்' என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் வருங்காலக் கணவர் வாக்குக் கொடுக்கத் தேவையில்லை, ஆனால் நீங்கள் கொடுப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபாதரின் அறையில் வைத்துத்தான் முதல் தடவை இது அவர் காதில் விழுந்தால், முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பாருங்கள். முன்னாடியே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பாட்டியின் மௌனத்தின் மறுபாதியும் இங்கேதான் இருக்கிறது. மரபான யூதச் சட்டத்தில் பிள்ளை யூதரா என்பது தாயை வைத்து. 1983-இல் அமெரிக்க ரிஃபார்ம் ரபிகள் தந்தை வழியையும் ஏற்றார்கள், ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் பிரிவுகள் ஏற்கவில்லை. நீங்கள் எவ்வளவு நல்ல மருமகளாக இருந்தாலும், பாட்டியின் கணக்கில் ஒரு வம்சம் தன் பேரனோடு நின்றுபோகிறது. 1096-இல் ரைன் நதிக்கரையில் சிலுவைப் போர்வீரர்கள் கொன்று போட்ட குடும்பங்கள், 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்கள், பிறகு ஐரோப்பாவில் நடந்த இன அழிப்பு எல்லாம் பாட வேளையில் படித்த வரலாறு அல்ல அவருக்கு. வீட்டில் பெயர் சொல்லி நினைக்கிற மனிதர்கள். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கான பழியை யூதர்கள் எல்லோர் மீதும் சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. நீங்கள் அதற்குப் பின் பிறந்தவர். பாட்டி அதற்கு முன் வளர்ந்தவராக இருக்கலாம். அவரிடம் விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள். ஒரு வேலை கொடுங்கள். என்ன வேலை என்று கீழே சொல்கிறேன்.

சடங்கின் உள்ளடக்கத்துக்கு வருவோம். நான் ஜோடிகளிடம் சொல்லும் ஒரே விதி: எதைச் சேர்ப்பது என்று தொடங்காதீர்கள், எந்தச் சொல்லுக்கு யாரால் 'ஆமென்' சொல்ல முடியாது என்று தொடங்குங்கள். ஆமென் இரண்டு வீட்டுக்கும் பொதுவான எபிரேயச் சொல். அது தொண்டையில் சிக்கும் இடங்கள் எவை என்று இருவரும் தனித்தனித் தாளில் எழுதி, பிறகு மாற்றிப் படியுங்கள்.

யூத முறையில் மோதிரம் போடும்போது மணமகன் சொல்லும் வாக்கு, 'மோசேயின், இஸ்ரயேலின் சட்டப்படி நீ எனக்கென அர்ப்பணிக்கப்பட்டவள்' என்பது. நீங்கள் அந்தச் சட்டத்துக்குள் இல்லை. அதை அப்படியே சொன்னால் பொய்ச் சொல்லாகிவிடும் என்று பல ரபிகளே மாற்றச் சொல்வார்கள். இனிமைமிகு பாடலின் ஆறாம் அதிகாரத்தில், காதலருக்கு நான் உரியவள், அவர் எனக்குரியவர் என்று பொருள்படும் ஒரு வரி இருக்கிறது. எபிரேயத்தில் நான்கே சொல்: 'அனி லெதோதி வெதோதி லி'. இருவரும் கூசாமல் சொல்லலாம். மோதிரத்தை வலது கை ஆட்காட்டி விரலில் போடுவது யூத வழக்கம், பிறகு வேண்டிய விரலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கல் பதிக்காத வெறும் வளையமாக இருக்க வேண்டும்.

கெதுபா என்ற ஒப்பந்தப் பத்திரத்தை எல்லோரும் காதல் கவிதை என்று நினைத்து ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். உண்மையில் அது அரமேயத்தில் எழுதிய ஜீவனாம்சப் பத்திரம். கணவன் இறந்தாலோ விலக்கினாலோ மனைவிக்கு 200 சூஸ், அதாவது பழைய வெள்ளிக் காசு, என்று தொகை போட்டு, அவளை வெறுங்கையோடு அனுப்ப முடியாமல் செய்த பழைய ஏற்பாடு. எனக்கு அதனாலேயே அதன் மேல் மரியாதை. உங்களுக்கு அந்தப் பழைய வாசகம் பொருந்தாது. இருவரும் சேர்ந்து புதிதாக எழுதுங்கள், எபிரேயத்திலும் உங்கள் மொழியிலும். சாட்சிக் கையெழுத்துக்கு இரு பக்கமும் ஒருவர். இங்கே ஒரு கண்டிப்பு: வாக்குகளை நீங்களே எழுதினால் ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். வெயிலில் நின்றுகொண்டு எவரும் உங்கள் காதல் வரலாற்றைக் கேட்க விரும்பமாட்டார்கள்.

வாசகங்களில்தான் உங்களுக்குப் புதையல் இருக்கிறது. ஏழு ஆசீர்களில் கடைசி ஆசீரைப் படித்துப் பாருங்கள்: யூதாவின் நகர்களிலும் எருசலேமின் தெருக்களிலும் மணமகன் குரலும் மணமகள் குரலும் மீண்டும் கேட்கும் என்று வரும். அது எரேமியா 33-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. எரேமியா உங்கள் விவிலியத்திலும் இருக்கிறார். ஃபாதரோ உங்கள் அம்மாவோ அந்த அதிகாரத்தைத் தமிழில் வாசித்து முடித்ததும், அதே வரியை அவருடைய மாமா எபிரேயத்தில் பாடட்டும். யார் பங்கு எது என்று சித்தப்பாவால் எண்ண முடியாது. எண்ணிக்கை நூலின் ஆறாம் அதிகாரத்து ஆசியுரையும் அப்படித்தான். ஆண்டவர் உனக்கு ஆசி வழங்கி உன்னைக் காப்பாராக என்று தொடங்கும் அது இரண்டு பக்கமும் புழங்குகிறது.

எச்சரிக்கையாக எடுக்க வேண்டிய பகுதியும் உண்டு. 'உன் மக்கள் என் மக்கள், உன் கடவுள் என் கடவுள்' என்ற ரூத்தின் சொற்களைக் கலப்பு மணத்தில் எல்லோரும் ஆசையாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரூத்து அதைச் சொன்னது கணவனிடம் அல்ல, மாமியாரிடம் என்பது இருக்கட்டும். யூதர்கள் காதில் அது மதம் மாறியவளின் உறுதிமொழி. மதம் மாறாத நீங்கள் அதை வாசித்தால் பாட்டிக்கு வீண் நம்பிக்கை, அப்பாவுக்கு வீண் பயம். தோபித்து நூலின் செபம் வேறு ரகம்: கதையும் மாந்தரும் யூதர்கள், ஆனால் நூல் யூதர்களின் மறைநூல் தொகுப்பில் இல்லை, கத்தோலிக்கர்கள்தான் கல்யாணத்தில் வாசிக்கிறார்கள். அதை வைப்பதாக இருந்தால் கையேட்டில் இந்த விவரத்தை இரண்டு வரி போடுங்கள், சுவாரசியமாக இருக்கும். புதிய ஏற்பாட்டில் 1 கொரிந்தியர் 13 யூத விருந்தினர்களை நெருடுவதில்லை, அந்த அதிகாரத்தில் இயேசுவின் பெயரே வராது.

அப்படியானால் அப்பாவின் ஆசை? அதை மறுக்காதீர்கள், ஒரே ஒரு ஆசை கேட்டிருக்கிறார். இங்கே நம் மொழி கைகொடுக்கிறது. மற்ற பல மொழிகளில் இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது: நாம், நாங்கள். 'நாம் இயேசுவின் பெயரால் வேண்டுவோம்' என்றால் பாட்டியையும் சேர்த்து இழுத்துவிடுகிறோம். அவரால் ஆமென் சொல்ல முடியாது. 'நாங்கள் எங்கள் ஆண்டவர் இயேசுவின் பெயரால் உங்கள் இருவருக்காகவும் வேண்டுகிறோம்' என்றால் அது ஒரு குடும்பம் தன் குரலில் தரும் வாழ்த்து. கேட்பவர் தலையசைக்கலாம், யாரும் எதையும் விழுங்க வேண்டியதில்லை. விருந்து தொடங்கும் முன் அப்பாவே எழுந்து தமிழில் இதைச் சொல்லட்டும். மொழிபெயர்ப்பவரிடம் இந்த வித்தியாசத்தை முன்பே விளக்கிவிடுங்கள், மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்பாவுக்கு இன்னொன்றும் ஞாபகப்படுத்துங்கள்: கானாவூரில் இயேசு விருந்தாளியாகப் போனது ஒரு யூதக் கல்யாணத்துக்கு. அங்கே இருந்த ஆறு கல்சாடிகளும் யூதரின் தூய்மைச் சடங்குக்காக வைத்திருந்தவை.

பாட்டிக்கான வேலை: ஹுப்பா. நான்கு கம்புகளின் மேல் துணி கட்டிய பந்தல், அதன் கீழேதான் மணமக்கள் நிற்பார்கள். அந்தத் துணியாகச் செபப் போர்வையான தல்லித்தை விரிப்பது வழக்கம். தாத்தாவின் தல்லித் வீட்டில் இருக்கிறதா என்று உங்கள் வருங்காலக் கணவர் பாட்டியிடம் கேட்கட்டும். கொடுப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும். நான்கு கம்புகளை இரு குடும்பத்திலிருந்தும் இருவர் இருவராகப் பிடித்து நிற்கலாம். நீங்கள் கழுத்தில் போடும் சிலுவைச் சங்கிலியைக் கழற்றச் சொல்லமாட்டேன், அது நீங்கள். பந்தலுக்குப் பின்னால் பெரிய சிலுவை தெரியும் இடத்தை மட்டும் தவிருங்கள்.

திறந்தவெளியில் ஹுப்பா வைப்பது பழைய வழக்கம், ஆபிரகாமின் சந்ததி வானத்து நட்சத்திரம் போலப் பெருகும் என்ற வாக்கை நினைத்து. கோடைக்கு அது பொருந்தும். ஆனால் வெயிலுக்கும் காற்றுக்கும் வேதம் தெரியாது. சடங்கு 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. யூத மணமக்கள் கல்யாணத்தன்று உபவாசம் இருப்பது வழக்கம். கோடைப் பகலில் தண்ணீர்கூட இல்லாமல் இருந்த ஒரு மாப்பிள்ளை ஐந்தாவது ஆசீரில் கண்ணை மூடிச் சாய்ந்ததை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன். அவர் உபவாசம் இருக்க ஆசைப்பட்டால் ரபியிடம் கேட்டுத் தண்ணீருக்காவது அனுமதி வாங்குங்கள். துணி காற்றில் பாய்மரம் போல உப்பும், கம்பு பிடிப்பவர்கள் உயரத்தில் சமமாக இருக்கட்டும். ஆண்கள் தலையில் வைக்கும் கிப்பா பறக்கும், கொண்டை ஊசி ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். ஆசீருக்கான கிண்ணத்தில் சிவப்பு ஒயின் வேண்டாம்: உங்கள் வெள்ளை உடையும் தேனீக்களும் காரணம். இருவரும் சேர்ந்து ஏற்றும் ஒற்றுமை மெழுகுவர்த்தி வைக்கவும் உங்களுக்கு ஆசை இருக்கலாம். அது எந்தத் திருச்சபையின் திருவழிபாட்டிலும் கட்டாயம் அல்ல, சமீபத்திய வழக்கம்தான். தோட்டத்தில் அது எரியவும் எரியாது. ஒரு கல்யாணத்தில் ஆறு தீக்குச்சி அணைந்து, ஏழாவதில் மணப்பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டி கோஷர் என்ற யூத உணவு விதிப்படி சுத்தம் பார்ப்பவர் என்றால், வெளிச் சமையலறையில் செய்த சைவ உணவுகூட அவருக்குப் போதாது. கோஷர் சான்றுள்ள இடத்திலிருந்து அவருக்கும் அவர் போன்றவர்களுக்கும் முத்திரையிட்ட தட்டு வரவழையுங்கள். மற்றவர்களுக்கு இறைச்சி வைத்தால் அதோடு பால் பொருள் சேராமல் பாருங்கள், கேக் உட்பட.

சடங்கு முடிந்ததும் உடனே புகைப்படக்காரர் கையில் சிக்காதீர்கள். யிஹுத் என்று ஒரு வழக்கம் உண்டு: மணமக்கள் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சில நிமிடம் தனியாக இருப்பார்கள், வெளியே ஒருவர் காவல். இரண்டு மதமும் இல்லாத, உறவினரும் இல்லாத பத்து நிமிடம். அங்கே தண்ணீரும் ஏதாவது சாப்பிடவும் வைத்திருங்கள். உங்கள் கடிதத்தில் கேட்ட 'எங்கள் கல்யாணம்' அந்த அறையில்தான் முதலில் நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாகக் கண்ணாடி. மணமகன் காலால் ஒரு கிண்ணத்தை உடைப்பார், 'மசல் தோவ்' என்று எல்லோரும் கத்துவார்கள். அழிந்த ஆலயத்தின் நினைவாக என்பார்கள். பழைய ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் வேறொரு கதை இருக்கிறது. தன் மகன் கல்யாணத்தில் ரபிகள் எல்லை மீறிக் கும்மாளம் போடுவதைப் பார்த்த ஒருவர் 400 சூஸ் மதிப்புள்ள கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர்கள் முன் போட்டு உடைத்தாராம், கூட்டம் அடங்கியதாம். உங்கள் கூட்டம் அடங்கத் தேவையில்லை, ஆனால் கிண்ணம் உடைய வேண்டும். புல்தரையில் உடையாது. நான் நடத்திய முதல் தோட்டக் கல்யாணத்தில் மாப்பிள்ளை மூன்று தடவை மிதித்தார், கிண்ணம் மூன்று தடவையும் ஈரமண்ணுக்குள் பத்திரமாக இறங்கியது. மெல்லிய கண்ணாடியாக வாங்கி, கெட்டித் துணியில் சுற்றி, அடியில் ஒரு மரப்பலகை போடுங்கள். அவர் தடித்த அடியுள்ள ஷூ போட்டிருக்கட்டும். பலகையை யார் கொண்டுவருவது என்று இன்றே ஒருவர் பெயரை எழுதிவிடுங்கள். எல்லோரும் வேறு யாரோ கொண்டுவருவார்கள் என்று நினைக்கிற பொருள் அது.